உண்டு, ஆனால்

காக்கி புக்கிட், ஆறாம் மாடி.
இருபத்து மூன்று டிரைவர்கள் மேலிருந்து கீழாக,
பதினேழு வசதிகள் குறுக்கே.
சந்திக்கும் கட்டத்தில்
உண்டு அல்லது இல்லை என்று எழுத
எனக்குச் சம்பளம்.

முன்பிருந்தவர் விட்டுப்போன அட்டவணை.
பரீட்சை எழுதியவரே திருத்தியதுபோல்
எல்லாம் பச்சை.
தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து
நானும் மூன்று மாதம் பச்சை அடித்தேன்.

மார்ச்சில் ஒரு புதன், பகல் பன்னிரண்டே முக்கால்.
கேலாங் பாரு உணவங்காடியில்
மீன்சூப் கடை திருமதி க்வெக்கின்
ரசீது இயந்திரத்தில் காகிதம் தீர்ந்தது.
தீர்ந்ததை அது யாரிடமும் சொல்லவில்லை.
நாற்பத்தொரு ஆர்டர்கள்
வெறும் உருளைமேல் ஒழுங்காக அச்சாகி
காற்றோடு போயின.

தொலைபேசியில் அவர் கத்தவில்லை.
உங்கள் பட்டியலில் டிக் இருந்ததே என்றார்
சீனத்தில். ஹுய் லிங் மொழிபெயர்த்துவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கப் போனாள்.
ஒன்பதாம் வரிசை.
காகிதம் தீர்ந்தால் அறிவித்தல்: உண்டு.
என் டிக்.

அன்றிலிருந்து எதையும் ஓட்டிப் பார்க்காமல் எழுதுவதில்லை.
உருளையைப் பாதியில் பிடுங்குகிறேன்.
மூடியைத் திறந்துவைத்து அச்சடி என்கிறேன்.
உறங்கப்போட்டு எழுப்புகிறேன்.
2.4 எழுந்துகொள்கிறது.
2.6 எழுகிறது, தான் யாரென்பதை மறந்து.
'கொத்து பரோட்டா' என்று அனுப்பினேன்:
கொம்பு தனியாக நின்றது,
பக்கத்தில் காவலுக்கு ஒரு புள்ளிவட்டம்.
நான்கு மொழிகளும் உண்டு என்கிறது கையேடு.
உண்டுதான்.
கொம்பையும் காலையும்
ககரத்தோடு சேர்த்துவைக்கத்தான் ஆளில்லை.

இரண்டு சொல் போதவில்லை.
'பகுதி' என்றொன்று சேர்த்தேன்.
அதற்கு ஒரு நட்சத்திரம்,
நட்சத்திரத்துக்கு ஓர் அடிக்குறிப்பு,
அடிக்குறிப்புகள் இப்போது அட்டவணையைவிட நீளம்.
பிறகு சாம்பல் நிறம்: சோதிக்கவில்லை.

மேலாளர் ரிதுவானுக்குச் சாம்பல் ஆகாது.
வாங்குபவர் பயப்படுவாராம்.
தெரியாவிட்டால் இல்லை என்றே போட்டுவிடேன் என்கிறார்.
'இல்லை' என்று எழுதவும்
ஓர் உருளை செலவாகும் என்றேன்.
யோசித்து, நாற்பது வெள்ளி ஒதுக்கினார்.

நேற்று கடைசி ரயிலை விட்டுவிட்டேன்.
டாக்சியில் நைனார் முகமது கேட்டார்,
என்ன வேலை தங்கச்சி, இந்நேரம் வரைக்கும்?
டிரைவர் எது எதைச் செய்யும், எதைச் செய்யாதுன்னு
பட்டியல் போடுறேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
"செய்யுமா? செய்வாருன்னு சொல்லக்கூடாதா?"

விளக்கினேன். சிரித்தார்.
அப்ப என்னையும் போட்டுக்குங்க.
ராத்திரி ஓட்டம் உண்டு.
சாங்கி உண்டு.
துவாஸ், திரும்பி வர ஆள் கிடைச்சா.
சக்கர நாற்காலி, மடக்குற மாதிரி இருந்தா.
டுரியான் இல்லை, என் காசுல வாங்கினாலும் இல்லை.
பூனை?
சிவப்பில் நின்று யோசித்தார்.
பச்சை விழுந்தும் யோசித்தார்.
பின்னால் ஹாரன்.
"இதுவரைக்கும் யாரும் கொண்டு வரலையே."

பிடோக் ரெசர்வோர் சாலை வரும்வரை
அந்தக் கட்டம் சாம்பலாகவே இருந்தது.
ஏனோ நிம்மதியாகத் தூங்கிவிட்டேன் அங்கேயே.

இன்று காலை மறுபடி ஒன்பதாம் வரிசை, புதிய பதிப்பு.
உருளையைப் பிடுங்கினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவது விநாடியில் சிவப்பு விளக்கு.

உண்டு என்று எழுதி, நட்சத்திரம் போட்டேன்.
கீழே: நாலு விநாடி தாமதம்.
மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு
நாலு விநாடி என்பது எத்தனை கிண்ணம் என்று
திருமதி க்வெக்கைத்தான் கேட்கவேண்டும்.
எண்ணை எடுத்து வைத்திருக்கிறேன்.
இன்னும் அழைக்கவில்லை.